மக்ரூன் டப்பாவில் பத்து ராடு

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்தேன். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். வேலை கிடைக்கவில்லை, அதனால். இதைவிட நீளமான பதில் என்னிடம் இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகிறவர். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அம்மா பிலோமி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பதினோரு வருஷமாக, முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மக்ரூன் சுடுகிற ஒரு பேக்கரியில் வேலை. கறுப்பு அங்கி போட்டு நான் எடுத்துக்கொண்ட பட்டமளிப்புப் போட்டோவை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். அதன் கீழே உட்கார்ந்து ஏழு மாதம் விண்ணப்பம் போட்டேன். எட்டாவது மாதம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கப் போனேன்.

நிற்கத்தான். காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும் வரை. விற்பனைப் பெண்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. கடைக்கு ஸ்டூலும் வந்தது. ஸ்டூலின் மேல் ஒரு பொம்மையை நிறுத்திப் பட்டுச்சேலை கட்டிவிட்டார்கள். எட்டு மாதத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கி என் செருப்பு நம்பர் மாறிப்போனது. ஒரு நாள் துறைமுகச் சாலையில் பஸ்ஸில் போகும்போது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஏதோ இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. வெளிச்சம் அப்புறம்தான்.

மறுநாளே விசாரித்தேன். ஒரு வருஷப் படிப்பு. பெண்களுக்கு வயசு வரம்பு இல்லை. புறவழிச்சாலை ஓரத்து ஐ.டி.ஐ. அலுவலகத்தில் என் டிகிரி சர்டிபிகேட்டை நீட்டினால் கிளார்க் அதைத் தொடவே இல்லை. "இது எதுக்கும்மா, எட்டாங்கிளாஸ் மார்க்‌ஷீட் இருந்தா கொண்டா" என்றார். மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், எங்கள் வீட்டின் முதல் பட்டம். அது எதுக்கு?

தெருவில் பேசினார்கள். டிகிரி வாங்கிட்டு கேட்டுக்குக் கம்பி ஒட்டப் போறாளாம் என்றார்கள். இத்தனைக்கும் அவர்கள் வீட்டுக் கேட்டே கீல் பெயர்ந்துதான் தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பில் இருபது பையன்கள், நான் ஒருத்தி. எல்லோருக்கும் பதினேழு பதினெட்டு வயசு. எனக்கு இருபத்து மூன்று. முதல் நாள் வாசலிலேயே பெனிஸ்டன் என்கிற நெட்டையன், "யக்கா, ஆபீஸ் அங்கன இருக்கு" என்று கை காட்டினான். நான் நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க அவன் என் பக்கமே திரும்பவில்லை. அடுத்த வாரம், கையுறை போடாமல் சூட்டுத் தகட்டைத் தூக்கப் போனவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அதிலிருந்து அவன் எனக்குச் சொந்தத் தம்பி மாதிரி ஆகிவிட்டான். எப்போதும் பசி, எப்போதும் வாய்.

வெல்டிங் எனக்குப் பிடித்துப்போகும் என்று நான் நினைக்கவே இல்லை. முகமூடியின் கறுப்புக் கண்ணாடியை இறக்கினால் ஊர் உலகம் எல்லாம் அணைந்துவிடும். புளியங்கொட்டை அளவு உருகின இரும்பு மட்டும் தெரியும். அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவசரப்பட்டால் பிடிக்காது, தயங்கினால் ஒழுகும். அந்தப் புளியங்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. இது எனக்கே ஆச்சரியம்தான்.

வருஷக் கடைசியில் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். எங்கள் பயிற்றுநர் கிருபாநிதி சார் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். நானும் பெனிஸ்டனும் அதில் இருந்தோம். ஆறில் இரண்டு பேருக்குத்தான் வேலை. சோதனை எளிது. இரண்டு தகடுகளை நிமிர்த்தி நிறுத்தி, இடையில் கீழிருந்து மேலே வெல்டிங் அடிக்க வேண்டும். பிறகு அந்த இணைப்பின் குறுக்கே ஒரு பட்டையை வெட்டி எடுத்து, அழுத்தும் எந்திரத்தில் வைத்து, குதிரை லாடம் மாதிரி வளைப்பார்கள். வளைந்த இடத்தில் விரிசல் தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு வீடு என்றால் ஜவுளிக்கடை. நான் வேலையை விட்டபோது அங்கிருந்த சூப்பர்வைசர், "எப்ப வேணா வாம்மா, உன் இடம் காலியாத்தான் கெடக்கும்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அது சாபம் மாதிரி கேட்டது.

ராடு பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெல்டிங் ராடு என்பது ஒரு முழத்துக்கும் குறைவான கம்பி. மேலே சாம்பல் நிறத்தில் மருந்துப் பூச்சு. கப்பல் வேலைக்கு அடிக்கிற ராடுக்கு ஈரமே ஆகாது. பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அந்தச் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகின இரும்புக்குள் போய்விடும். இரும்பு ஆறும்போது அதற்கு வெளியே வர வழி இருக்காது. உள்ளேயே இருந்து விரிசல் விடும். அதனால் ராடை முன்னூறு டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சுட்டு, காற்றுப் படாமல் வைத்திருந்து அடிக்க வேண்டும். தூத்துக்குடிக் காற்றில் சட்டையைக் காயப் போட்டாலே பிசுபிசுக்கும். ராடு என்ன செய்யும்?

எங்கள் ஐ.டி.ஐ.யில் ராடு சுடுகிற ஓவன் தீபாவளியிலிருந்து வேலை செய்யவில்லை. கிருபாநிதி சார் கெட்டவர் இல்லை. ஆனால் எது பழுதானாலும் மேலே ஒரு கடிதம் எழுதிவிட்டால் அது சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர். மூன்று கடிதம் எழுதியிருந்தார். சோதனை திங்கட்கிழமை. அன்றைக்கு ஸ்டோர்கீப்பர் லீவு என்பதால் சனிக்கிழமையே ஆளுக்குப் பத்து ராடைக் கையில் கொடுத்து, வீட்டில் ஈரம் படாமல் வைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கையிருப்பில் இருந்தது அந்த அறுபதுதான்.

நான் என் பத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். அம்மாவிடம், "இதத் தொடாத, திங்கக்கிழமை டெஸ்டுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் போவதில்லை. ஜவுளிக்கடையில் ஞாயிறுதான் கூட்டம், அப்போது விட்டது. அப்புறம் நேரம் இருந்தும் போகவில்லை. மாதாவுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மா கட்டாயப்படுத்தியதில்லை. அன்று அவள் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். எதற்கும் பார்க்கலாமே என்று நான் பையை எடுத்தேன்.

பைக்குள் ஆவி கட்டியிருந்தது. உள்பக்கம் பொடிப்பொடியாகத் தண்ணீர். ராடுகளின் மேல் அங்கங்கே கறுத்த புள்ளிகள், முகத்தில் மச்சம் விழுந்த மாதிரி.

கேட்டேன். அம்மா கை கழுவிவிட்டு வந்து சந்தோஷமாகத்தான் சொன்னாள். காலையில் கோயிலுக்குக் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் துண்டு விரித்துப் பத்தையும் பரப்பி வைத்து, பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொண்டுவந்தாளாம். சாமியார் தாராளமாகத் தெளித்தாராம். மந்திரித்த தண்ணீரைத் துடைக்கக் கூடாது என்பதால் அப்படியே பையில் போட்டு இறுக்கிக் கட்டினாளாம்.

இது எங்கள் பக்கத்து வழக்கம். புது வலை வந்தால் மந்திரிப்போம். என்ஜின், பைக், தையல் மெஷின், கிணறு, கடைச் சாவி, எல்லாவற்றையும் மந்திரிப்போம். அப்பாவின் லைஃப் ஜாக்கெட்டை மந்திரித்தாள். என் பி.எஸ்சி. ஹால் டிக்கெட்டை ஆறு செமஸ்டரும் மந்திரித்தாள். மை கலையாமல் இருக்க லேமினேட் செய்துவைத்துக்கொண்டேன். ராடை லேமினேட் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுக்க எழுத விருப்பம் இல்லை. மந்திரித்தாலும் எச் டூ ஓ எச் டூ ஓ தான் என்று கத்தினேன். அவளுக்கு எச் டூ ஓ என்றால் என்னவென்று தெரியாது. கடைசியாகச் சொன்னது மட்டும் இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன்.

"நாலு எழுத்து படிச்சிருந்தா இப்படிச் செய்வியா?"

அம்மா உள்ளே போய் மீதி மீனைக் கழுவினாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கிருபாநிதி சாருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு வருத்தப்பட்டார். வேற ராடு இல்லையேம்மா, வெயில்ல காய வை என்றார். வெயில் முன்னூறு டிகிரி அடிக்காது சார் என்று வைத்துவிட்டேன். ஊறிப்போன ராடு குப்பைக்குத்தான். இது ஊறவில்லை, தெளித்ததுதான். முறையாகச் சுட்டால் பிழைக்கும். ஆனால் எங்கே சுடுவது? கேஸ் அடுப்பில் சட்டியில் போட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் ஈரமாகவே இருக்கும், பூச்சு உதிர்ந்துபோகும். பெனிஸ்டனுக்குச் செய்தி அனுப்பினேன். அவனிடம் சூடு பார்க்கிற சாக்குக்கட்டி இருந்தது. தகட்டில் அதால் கோடு போட்டுவிட்டால், முன்னூறு டிகிரி வந்ததும் கோடு உருகிவிடும். சாக்குக்கட்டி இருக்கு யக்கா, சூடு எங்க இருக்கு என்று பதில் போட்டான்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எதிரே மாதாவும், கறுப்பு அங்கியில் நானும்.

இரண்டரை மணிக்கு அம்மா பேக்கரிக்குக் கிளம்பினாள். திங்கட்கிழமைச் சரக்குக்கு ஞாயிறு மதியமே அடுப்பு மூட்டுவார்கள். வாசலில் செருப்பு போட்டவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏளா, எவ்வளவு சூடு வேணும்?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பேக்கரி அடுப்பை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். செங்கல்லால் கட்டிய குகை மாதிரி இருக்கும். உள்ளேயே விறகை எரித்து, கரியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா விடுவார்கள். அந்தச் சூட்டில் எதை வைத்தாலும் கருகிவிடும். கொஞ்சம் தணிந்ததும் பன். இன்னும் தணிந்ததும் ரஸ்க். எல்லாம் முடிந்து அடுப்பு அலுத்துப்போன பிறகு கடைசியில் மக்ரூன். அதற்கு லேசான சூடு போதும். யாருக்கும் ஆகாமல் கிடக்கிற அந்த முதல் ஒரு மணி நேரத்தைத்தான் அம்மா சொன்னாள்.

முதலாளி செந்தூர்வேல் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. என் கையில் இருந்த ராடைப் பார்த்துவிட்டு இது வெடிக்குமா என்றார். வெடிக்காது என்றேன். மருந்து பூசியிருக்கே என்றார். அது வேற மருந்து அண்ணாச்சி என்றேன். மக்ரூன் சிங்கப்பூர் வரை போகுது, இரும்பு வாடை வந்தா எவன் வாங்குவான் என்றார். பேச்சு வளர்ந்தது. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அம்மா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பதினோரு வருசமா வாரேன். ஒண்ணும் கேட்டதில்ல. இதக் கேக்கேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "என்னமும் செய்யி" என்றார். "வாடை வந்துச்சுன்னா அம்புட்டு மக்ரூனையும் உம்மவதான் திங்கணும்."

"அத நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று பின்னால் ஒரு குரல். பெனிஸ்டன். கையில் சாக்குக்கட்டி, கக்கத்தில் அவனுடைய பத்து ராடு. எதுக்கும் கெடக்கட்டும் யக்கா, என்னோடதும் ஸ்டோர்ல கெடந்ததுதானே என்றான்.

இருபதையும் பன் தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கினோம். எடுத்த எடுப்பில் அந்தச் சூட்டில் வைத்தால் பூச்சு வெடிக்கும் என்பதால் முதலில் அடுப்பின் வாய்ப் பக்கம் கால் மணி நேரம் வைத்தோம். பிறகு அம்மா துடுப்பு மாதிரி நீளமான பலகையால் தட்டை மெதுவாக உள்ளே தள்ளினாள். ஒரு சிட்டிகை மாவை எடுத்து உள்ளே வீசி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். மூன்றில் மாவு கறுத்தது. நான் தட்டின் ஓரத்தில் போட்டிருந்த சாக்குக் கோட்டைப் பார்த்தேன். உருகி வழிந்திருந்தது. அவள் மாவைப் பார்த்தும் நான் கோட்டைப் பார்த்தும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெனிஸ்டன் உடைந்த ரஸ்க் தேடிப் போய்விட்டான். அம்மா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து முந்திரிப்பருப்பில் தோல் நீக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன்.

"தண்ணி படக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுளா" என்றாள், பருப்பைப் பார்த்துக்கொண்டே.

தெரியாதுதான். யார் சொன்னது? ஐ.டி.ஐ.யில் சேர்ந்த முதல் வாரம் அவள் கேட்டாள்: அங்கன என்னளா படிக்க? உனக்குப் புரியாது என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஒரு வருஷம். தினமும் ஏழு மணிக்கு எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். பொறி பட்டு ஓட்டை விழுந்த என் காக்கிச் சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். எதனால் ஓட்டை விழுகிறது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. என் படிப்பை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் சர்டிபிகேட்டைத் தொடாத கிளார்க்மேல் எனக்கு அவ்வளவு கோபம். நான் அம்மாவுக்குச் செய்ததும் அதேதான்.

அதனால் அப்போது சொன்னேன். இரும்பு உருகும்போது பக்கத்தில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும், ஆறும்போது அதை வெளியே விட முடியாமல் உள்ளேயே விரிந்து வெடிக்கும், அதற்குத்தான் ராடு காய்ந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். கைகளை வைத்துக் காட்டினேன். அவள் தோல் நீக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"முட்டை வெள்ளைக்கரு அடிக்கும்போது சட்டியில ஈரம் இருந்தா மக்ரூன் எழும்பாது. அப்படியே அமுங்கி ஒக்காந்துரும். அது மாதிரியா?"

"அதே மாதிரிதாம்மா."

"ஏளா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? அந்தச் சட்டியத் துடைக்க நான் தனித் துண்டே வச்சிருக்கேன்."

நானும் ஒரு பிடி பருப்பை அள்ளித் தோல் நீக்க ஆரம்பித்தேன். அவள் என் முழங்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்பை விரலால் தொட்டு, இது எப்போ என்றாள். போன ஆடி மாசம் என்றேன். சொல்லலையே என்றாள். இல்லை என்றேன். ஒரு முந்திரிப்பருப்பை எடுத்து என் வாயில் வைத்தாள்.

நாலரை மணிக்குத் தட்டை எடுத்தோம். ராடுகள் வெளிறி, ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்றன. சுட்ட ராடைக் காற்றில் விட்டால் மறுபடியும் ஈரம் இழுக்கும். அம்மா ஒரு பெரிய மக்ரூன் டப்பாவைச் சூடு காட்டி எடுத்துவந்தாள். என் பத்து ராடையும் அதில் நிறுத்தி வைத்து, மூடியைச் சுற்றி வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒட்டுகிற டேப்பை மூன்று சுற்று ஒட்டினாள். பெனிஸ்டனுடைய பத்துக்கு இன்னொரு டப்பா. மந்திரிக்கவா என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து பத்ரிநாத் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, சட்டைப் பையில் டார்ச். ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார். அதில் ஒரு கட்டம்: ராடு சூடேற்றிய இடம், வெப்பநிலை, நேரம். கிருபாநிதி சார் எங்கள் பின்னால் வந்து குனிந்து, எல்லாரும் இன்ஸ்டிட்யூட் ஓவன்னு போடுங்க என்றார். பேனாக்கள் நகர்ந்தன.

எனக்கும் வேலை வேண்டும். ஜவுளிக்கடை ஸ்டூலும் பொம்மையும் கண்முன்னால் வந்தன. ஆனால் இன்ஸ்டிட்யூட் ஓவன் என்று எழுதினால், பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அம்மா அண்ணாச்சியிடம் வாய்விட்டுக் கேட்டது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். செந்தூர்வேல் அண்ணாச்சி பேக்கரி விறகு அடுப்பு, முன்னூறுக்கு மேல், ஒரு மணி நேரம், தண்ணீர் பட்டதால் சுடப்பட்டது என்று எழுதினேன். பெனிஸ்டன் எட்டிப் பார்த்தான். தன் படிவத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு என்னைப் பார்த்து எழுதினான். அவன் ராடில் படாத தண்ணீரையும் சேர்த்து எழுதிவிட்டதால் அதை மறுபடியும் அடித்தான்.

பத்ரிநாத் சார் என் தாளை இரண்டு தடவை படித்தார். தண்ணி எப்படிப் பட்டது என்றார்.

"மந்திரிச்சாங்க சார்."

பின்னால் சிரிப்பு கேட்டது. அவர் சிரிக்கவில்லை. யார் என்று கேட்டார். எங்கம்மா கோயிலுக்குக் கொண்டு போனாங்க, தெளிச்சதுதான், ஊறல, அம்மாவேதான் சுட்டும் தந்தாங்க என்றேன். ஈரம் பட்ட ராடை நம்பக் கூடாது என்று தெரியுமா என்றார். தெரியும், வேற ராடு குடுத்தா அதுலயும் அடிக்கேன் என்றேன். அவர் டப்பாவைத் திறக்கச் சொன்னார். டேப்பைக் கிழித்தேன். சர்க்கரையும் முந்திரியும் கலந்த வாசனை பட்டறை முழுக்க எழும்பியது. ஒரு ராடை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்தார். பிறகு கிருபாநிதி சாரிடம், உங்க ஓவன் எங்க இருக்கு என்று கேட்டார்.

எல்லோரும் பின்னாலேயே போனோம். அவர் ஓவன் கதவைத் திறந்தார். உள்ளே ஸ்டோர்கீப்பரின் குடையும் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. கதவை மெதுவாகச் சாத்தினார். "டெஸ்ட் நடக்கட்டும்" என்றார். "வளைச்சா தெரிஞ்சுரும்."

கண்ணாடியை இறக்கினேன். ஊர் அணைந்தது. கிருபாநிதி சாரின் முகம் அணைந்தது. புளியங்கொட்டை மட்டும் இருந்தது. நான் கூட்டிக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் வந்தது. கீழிருந்து மேலே, ஒவ்வொரு வரியாக, அவசரம் இல்லாமல். வெடிச்சத்தம் இல்லை, துப்பல் இல்லை. காய்ந்த ராடின் சத்தம் தனி. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். பக்கத்துத் தடுப்புகளில் படபடவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

மதியத்துக்குப் பிறகு வளைத்தார்கள். முதல் மூன்று பேருடைய பட்டைகளும் வளைந்த இடத்தில் ஊசி ஓட்டைகளும் விரிசலுமாக வாய் பிளந்தன. அந்தப் பையன்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ராடை நம்பினார்கள், அவ்வளவுதான். நான்காவது அமலன், அவன் வீட்டில் ராடை அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார்களாம். ஒரே ஒரு புள்ளி. அளவுக்குள் இருந்தது, தேறிவிட்டான். ஐந்தாவது பெனிஸ்டன். ஒரு ஓட்டை இல்லை, ஆனால் ஓரத்தில் ஒரு பக்கம் பிடிக்காமலே விட்டிருந்தான், அது பிளந்துகொண்டது. "ராடு மேல குத்தம் இல்ல யக்கா, கைதான் நடுங்கிட்டு" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் தோளில் கை வைத்தேன்.

ஆறாவது நான். எந்திரம் அழுத்தியது. என் பட்டை முதலில் முறைத்தது, பிறகு வளைய ஆரம்பித்தது. வளைந்து வளைந்து முழு லாடமாக வந்தது. பத்ரிநாத் சார் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். வேலை இல்லை என்றுதான் எனக்குக் கேட்டது. அவர் சொன்னது விரிசலை.

அமலனுக்கும் எனக்கும் வேலை. மற்ற நாலு பேருக்கும் ஓவன் சரியான பிறகு இன்னொரு தடவை வருவதாகப் பத்ரிநாத் சார் எழுதிக் கொடுத்தார். கிருபாநிதி சார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் மெக்கானிக் வந்து அரை மணி நேரத்தில் ஓவனைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஒரு ஒயர்தான் போயிருந்ததாம்.

சோதனை முடிந்த அன்றே, வளைந்த பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகப் பேக்கரிக்குப் போனேன். அம்மா வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாத வேலை. அதனால் நான் பட்டையை அவள் கண் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதில் எது நீ ஒட்டினது என்று கேட்டாள். வளைவின் நடுவைக் காட்டினேன். தெரியலையே, ஒரே இரும்பாத்தானே இருக்கு என்றாள். அதைவிட நல்ல வார்த்தையை எந்த இன்ஸ்பெக்டரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. மாதா கைவிடல என்றாள். முன்னூறு டிகிரி, ஒரு மணி நேரம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தீர்த்தம் தெளித்திருக்காவிட்டால் நான் அந்த ராடைச் சுட்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான். மந்திரிக்காத மூன்று பேருடையது பிளந்ததும் உண்மைதான். அந்தக் கணக்கை நான் யாரிடமும் போய் விவாதிக்கத் தயாராக இல்லை. செந்தூர்வேல் அண்ணாச்சி ஒரு மக்ரூனை மோந்து பார்த்துவிட்டு, வாடை இல்லை என்று என்னிடம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். பெனிஸ்டனுக்கென்று ஒரு பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து சாமான்கள் வந்தன. மஞ்சள் ஹெல்மெட், பாதுகாப்புச் சப்பாத்து, தோல் ஏப்ரன், என் பெயர் ஒட்டிய முகமூடி. திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மா எல்லாவற்றையும் பெஞ்சில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"ஏளா, இதுல தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதே?"

"ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

"சப்பாத்துக்கு?"

"அதுக்கும் ஆகாது. ஏப்ரன மட்டும் விட்டுரு, தோலு."

அவள் ஏப்ரனை எடுத்து மடித்துத் தனியாக வைத்தாள். பிறகு துண்டை எடுத்து மற்றதை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். ஹெல்மெட் துண்டுக்குள் அடங்கவில்லை. இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை அவிழ்த்தாள். ரெண்டு கையிலயும் தூக்கிட்டுப் பூசைக்கு எப்படிப் போவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"காலையில எழுப்பு" என்றேன். "ஹெல்மெட்ட நான் எடுத்துக்கிடுதேன்."